பிடிவாரண்ட்டை வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தேன்: உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு 2005-இல் எனக்கு மனுப் போட்டார். எஃப்-4 வரிசை, அதாவது அமெரிக்கக் குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கான குடியேற்ற விசா வரிசை. என் முறை வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

2023-இல் விசாவுக்கு வேண்டிய பி.சி.சி.க்காக (போலீஸ் நற்சான்று) கோவை பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். விசாரணைக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். ஏட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், உங்க மேல பிடிவாரண்ட் இருக்கே!"

2017-இல் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் போகிற வழிக்காகப் பக்கத்துத் தோட்டக்காரரோடு கைகலப்பு. கெட்ட வார்த்தை பேசியதற்கு 294(பி), அடித்ததற்கு 323, மிரட்டியதற்கு 506(1) என்று கேஸ். ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். ஹட்டிப் (எங்கள் ஊர்) பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரே கல்யாணப் பந்தியில் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டும் ஆயிற்று. ஹட்டியில் சமாதானமானது கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? குற்றப்பத்திரிகை போயிருக்கிறது. நான் திருப்பூரில் வேலையில் இருந்தபோது சம்மன் பழைய விலாசத்துக்கு வந்து திரும்பியிருக்கிறது.

வாரண்ட்டை ரீகால் செய்தது ஒரே நாள் வேலை. அதற்கப்புறம் வக்கீல் சொன்னதுதான் ஆபத்து. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்." அவர் வரைக்கும் அது நல்ல யோசனைதான். நானும் பர்ஸை எடுத்துவிட்டேன். எதற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் போட்டேன். அவருடைய விசா வக்கீல் பதறிவிட்டாராம். ஃபைன் நூறு ரூபாயாக இருந்தாலும், குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டினால் அது தண்டனைதான். விசா அதிகாரி அப்படித்தான் படிப்பார்.

சமரசமாகப் போகலாம் என்றால் 294(பி) குறுக்கே நின்றது. மற்ற இரண்டு பிரிவையும் மாஜிஸ்திரேட் முன்பே ராஜி செய்யலாம், இதை முடியாது. நம்ம பக்கத்தில் கெட்ட வார்த்தை இல்லாமல் அடிதடி எஃப்.ஐ.ஆர். எழுதமாட்டார்கள் என்பதால் இந்தச் சிக்கல் பலருக்கும் வரும். ஹைகோர்ட்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-இன் கீழ் ரத்து கேட்க வேண்டியதுதான். ராஜி ஆகாத பிரிவையும் இப்படிப்பட்ட தனிப்பட்ட தகராறுகளில் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் 482-க்குப் பதிலாக புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 528.

பக்கத்துத் தோட்டக்காரரும் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். டிக்கெட் என் செலவு, லோயர் பெர்த் அவருக்கு. ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார். "அன்னைக்கே வழிய விட்டிருந்தா இந்தச் செலவு வந்திருக்குமா தம்பி?" பதில் சொல்ல முடியவில்லை, டீயைக் குடித்தேன். கோர்ட்டில் எஸ்.ஐ. அவரை அடையாளம் காட்டினார். கட்டாயப்படுத்தினார்களா என்று நீதிபதி கேட்டதற்கு, "இல்லைங்க, பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்க" என்றார்.

கேஸ் ரத்தானது. உத்தரவு நகலை நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பி.சி.சி. சுத்தமாக வந்தது. டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே போட்டேன். ரத்தான கேஸை ஏன் சொல்கிறாய் என்று நாலு பேர் திட்டினார்கள். மறைத்தது தெரிந்தால் நிரந்தரத் தடை வரலாம், அது யாருக்கு வேண்டும்? மும்பை இன்டர்வியூவில் என் தப்பு ஒன்று: தமிழில் இருந்த குற்றப்பத்திரிகைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்கவில்லை. 221(ஜி) சீட்டு, அதாவது குறையும் ஆவணம் வரும்வரை விசா நிறுத்திவைப்பு என்ற சீட்டு, கொடுத்து அனுப்பினார்கள். மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு அனுப்பினேன். சில வாரத்தில் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு ஹைகோர்ட் என்றால் மதுரைக் கிளை, பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். எனக்கு வேறு தலைவலி. கேஸ் நடக்கும்போதே பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது. மத்திய அரசின் 1993 பாஸ்போர்ட் அறிவிப்புப்படி கோர்ட் அனுமதி வாங்கினால் புதுப்பிப்பார்கள். எத்தனை வருடத்துக்கு என்று என் உத்தரவில் எழுதவில்லை, ஒரே வருடத்துக்குத்தான் கொடுத்தார்கள். மறுபடி மனு, மறுபடி வாய்தா. முதல் மனுவிலேயே வருடத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து:

2011-இல் சீட்டாட்டத்தில் பிடித்து கோர்ட்டில் ஃபைன் கட்டினேன். பி.சி.சி.யில் ஒன்றும் வரவில்லை. இதையும் சொல்லணுமா அண்ணா?

கோத்தகிரியிலிருந்து:

சொல்லுங்க தம்பி. ஃபாரத்தில் கேட்பது உங்களைப் பற்றி, பி.சி.சி.யைப் பற்றி இல்லை. கோர்ட்டில் நகல் மனு போடுங்க. கேஸ் நம்பர் மறந்திருந்தால் ஸ்டேஷன் ரைட்டரிடம் எஃப்.ஐ.ஆர். நம்பரும் வருஷமும் கேட்டுப் பாருங்க. பழைய கட்டு அழிக்கப்பட்டிருந்தால், அழித்துவிட்டோம் என்று கோர்ட்டிலேயே எழுத்தில் வாங்கி வைங்க.