கடைசி மணிக்கு முந்தைய பன்னிரண்டு நிமிடம்

ஈசூன் ஆசிரியை கேட்கிறார்:

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரப் பள்ளி ஒன்றில் தொடக்கநிலை 3க்குத் (மூன்றாம் வகுப்பு) தமிழ் எடுக்கிறேன். பணியில் இது எனக்கு இரண்டாம் ஆண்டு. நான்கு வகுப்புகளிலிருந்து 16 பிள்ளைகள் தமிழுக்காக என் அறைக்கு வருகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் கடைசிப் பாடவேளை என்னுடையது. 1.30க்கு மணி. 1.20க்கே பை ஜிப் சத்தம் தொடங்கிவிடும். ஒருவனுக்குத் தண்ணீர் போத்தலைக் காணோம், பேருந்துப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், நான் வீட்டுப்பாடத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பாய் டீச்சர்!" என்று ஒரே குரல், அறை காலி.

போன வெள்ளிக்கிழமை அறையைப் பூட்டும்போதுதான் உறைத்தது: ஜன்னலோரம் உட்காரும் ஒரு பையனிடம் அந்த வாரம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பாசிரியர்களுக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச என்றே நேரம் இருக்கிறது. வந்து போகும் வகுப்பை வைத்துக்கொண்டு தமிழாசிரியர் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நிறையவே செய்யலாம். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பாடம் 1.30க்கு முடிவதில்லை, 1.18க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்கு வந்தபோது காலைப் பிரிவு, மதியப் பிரிவு என்று இரண்டு இருந்தன. மணி அடிக்கும்போதே அடுத்த பிரிவுப் பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்பார்கள். எழுந்து ஓடித்தான் ஆக வேண்டும். 2009இல் ஓர் அரசுக் குழு தந்த பரிந்துரைக்குப் பிறகு படிப்படியாக எல்லாம் ஒரே வேளைப் பள்ளிகளாயின. வாசலில் இப்போது யாரும் காத்திருப்பதில்லை. ஆனாலும் அந்த ஓட்டத்தை நாம் விடவில்லை.

முதலில் பை. வீட்டுப்பாடத்தைப் பாடத்தின் தொடக்கத்திலேயே எழுத வைத்துவிடுங்கள். கடைசியில் சொன்னால் யார் காதிலும் விழாது. 2017இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் துப்புரவு செய்கிறார்கள் அல்லவா? அதை இங்கே கொண்டுவாருங்கள். இருவர் இருவராக, வேறு வேறு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு நிமிடம் தரை, மேசை, வெண்பலகை. ஒரே குப்பை முறத்தைச் சேர்ந்து பிடித்த பிள்ளைகள் மறுநாள் கேண்டீனில் தாமாகவே பக்கத்தில் உட்காருவார்கள்.

அப்புறம் பையை மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்காரட்டும். "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்காதீர்கள், பலகையைப் பார்த்து வாசிப்பார்கள். "இன்று உனக்கு யார் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். "எனக்குப் பென்சில் கொடுத்தான்", "என்னோடு சேர்ந்து தேடினாள்". வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கும் இந்த ஒரு வாக்கியம் வந்துவிடும். கொடுத்தான், கொடுத்தாள் என்ற விகுதிகூட பயிற்சித்தாள் இல்லாமல் பழகிவிடும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் "இன்றைய நட்சத்திரம்" என்று ஒரு பிள்ளைக்குக் கைதட்ட வைத்தேன். ஒரே மாதத்தில் அதே நான்கு பேர்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மற்றவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். மாற்றாக ஐஸ்கிரீம் குச்சிகளில் எல்லார் பெயரையும் எழுதி, பாடத்தின் தொடக்கத்தில் ஆளுக்கொன்று எடுக்க வைத்தேன். வந்த பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளை செய்யும் ஒரு நல்ல காரியத்தைக் கவனித்து வட்டத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் ஜன்னலோரப் பையனையும் தினமும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச விருப்பமில்லாத பிள்ளை "அடுத்தவர்" என்று சொல்லலாம். வற்புறுத்தவே வேண்டாம். 16 பேரும் ஒரே நாளில் பேச நேரம் போதாது, பாதிப் பேர் இன்று, மீதி அடுத்த முறை.

கடைசியில் வாசல். நம் வீடுகளில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் உங்கள் முகத்தைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொல்லட்டும். நீங்கள் பெயர் சொல்லி "போயிட்டு வா" என்று சொல்லுங்கள். 16 பேருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. காலையில் கொடியேற்றம், நாட்டுப்பண், உறுதிமொழி என்று எல்லாரும் சேர்ந்துதானே தொடங்குகிறோம்? முடிக்கும்போதும் அப்படி ஒன்று வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

சார் சொன்னது நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். பேருந்துப் பிள்ளைகளுக்கு வட்டத்தில் முதல் வாய்ப்புக் கொடுங்கள். என் மகள் போன ஆண்டு வரை பேருந்தில்தான் வந்தாள். அவள் முறை வருவதற்குள் தினமும் எழுந்து போக வேண்டியிருந்தது. அதை வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள்.

மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர்:

பள்ளி முடிந்து எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு நாள் பாதிதான் முடிந்திருக்கும். சிலர் மாலை 6.30 வரை இருப்பார்கள். பள்ளியிலிருந்து அவசரமாகத் துரத்தப்பட்டு வந்தால் சாப்பிட உட்காரவே அரை மணி நேரம் பிடிக்கும். உங்கள் பன்னிரண்டு நிமிடம் எங்கள் மேசை வரைக்கும் வரும், ஆசிரியை. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஈசூன் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாயன்று தொடங்கினேன், பேருந்துப் பிள்ளைகளை முதலில் பேச வைத்து. குச்சி எடுப்பதற்கே ஐந்து நிமிடம் போய்விட்டது. வெளியே நல்ல மழை வேறு, குடைகளைத் தேடி வட்டம் இரண்டு முறை கலைந்தது. ஜன்னலோரப் பையன் "அடுத்தவர்" என்றான். வியாழக்கிழமையும் "அடுத்தவர்"தான். ஆனால் அன்று அவன் பெயர் வந்த குச்சியை வைத்திருந்த பெண், "அவன் என் நாற்காலியையும் தூக்கி வைத்தான்" என்று சொன்னாள். வாசலில் "போயிட்டு வரேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அவன் பெயரைச் சொல்லி, போயிட்டு வா என்றேன்.