1811இல் தொடங்கலாமா, 1824இலா?

நண்பர்களே, வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில், அமெரிக்க விடுதலைப் போர்த் தலைமுறை பதவியை விட்டு விலகிய கதையை அரை மணி நேரம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். எங்கே தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

அந்தத் தலைமுறையின் கடைசி அதிபர் ஜேம்ஸ் மன்ரோ. 1776இல் டிரென்டன் சண்டையில் தோளில் குண்டடி பட்டவர். ஊரே முழுக்கால் சட்டைக்கு மாறிய பிறகும் முழங்காலோடு நிற்கும் பழைய கால்சட்டையை விடவில்லை மனிதர்! அவருக்குப் பின் யார் என்ற 1824 தேர்தலில் நான்கு பேர் மோதினார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜான் குவின்சி ஆடம்ஸைப் பிரதிநிதிகள் சபைதான் தேர்ந்தெடுத்தது. வழக்கமாக இங்கிருந்துதான் கதை சொல்வார்கள்.

எனக்கென்னவோ மாற்றம் 1811லேயே வந்துவிட்டது என்று படுகிறது. ஹென்றி கிளே அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் நாளே சபாநாயகர். வயது 34. கூட வந்த கால்ஹூனுக்கு 29. விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்காத இவர்கள்தான் பிரிட்டனோடு போர் வேண்டும் என்று கொதித்தார்கள். மறு ஆண்டே போர் வந்தது.

சரி, ஆண்ட்ரூ ஜாக்சனை எதில் சேர்ப்பது? சிறுவனாக பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மறுத்து வாள்வெட்டு வாங்கியவர். ஆனால் அதிபரானது 1829இல்தான்.

படித்தவர்கள் சொல்லுங்கள், எந்த ஆண்டில் தொடங்கட்டும்? அப்புறம், கிளே கூட்டத்தை ‘போர்ப் பருந்துகள்’ என்றால் கேட்பவர்களுக்குப் புரியுமா?