கேலரியில் கேட்ட ஓட்டுக் கதைகள்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

பிரிட்டனில் 2024 ஜூலை 4ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலை எண்களாக எல்லாரும் அலசியாயிற்று. லேபர் கட்சி 34 சதவீதம்கூட வாங்காமல் 411 இடம், குடியேற்றத்தை எதிர்க்கிற ரிஃபார்ம் கட்சி 14 சதவீதம் வாங்கியும் 5 இடம்தான். நான் கேட்பது வேறு. உங்களோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா? என் அலுவலகத்தில் இந்தப் பேச்சே கிடையாது. வருஷக்கணக்கில் பக்கத்து மேஜையில் இருப்பவர் எந்தக் கட்சி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப்பின் கேலரியில் அப்படியில்லை, அங்கே கேட்காமலே சொல்லிவிடுவார்கள், அப்புறம் நீயும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெஸ்ட் ஹாம் கதை தெரியாதவர்களுக்கு: 2016 வரை மைதானம் அப்டன் பார்க்கில், நம் ஆட்கள் தங்கம் வாங்கப் போகிற அதே கிரீன் ஸ்ட்ரீட்டில் இருந்தது. அதன் பிறகு ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் மைதானம். பழைய ரசிகர் குடும்பங்களில் நிறையப் பேர் அதற்கு ரொம்ப முன்பே எஸெக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். ராம்ஃபோர்டு, பாஸில்டன், கடலோரத்தில் கிளாக்டன். மேட்ச் நாளில் மட்டும் ரயிலேறி வருகிறார்கள். அவர்கள் விட்டுப்போன தெருக்களில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால்தான் அந்தத் தேர்தல் புரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் கிளாக்டனில் ஜெயித்தவர் ரிஃபார்ம் தலைவர் நைஜல் ஃபராஜ், சவுத் பாஸில்டன் அண்ட் ஈஸ்ட் தரக் தொகுதியிலும் ரிஃபார்ம்தான், வெறும் 98 ஓட்டு வித்தியாசத்தில்.

என் பக்கத்து இருக்கைப் பெரியவர் அந்தத் தொகுதிக்காரர். எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், அப்டன் பார்க்கில் பிறந்து வளர்ந்தவர். தேர்தல் முடிந்து முதல் ஹோம் மேட்ச் ஆகஸ்ட் 17, ஆஸ்டன் வில்லாவோடு. இடையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 29 சவுத்போர்ட் கொலைகள், அதைத் தொடர்ந்து ஊர் ஊராகக் கலவரம், அகதிகள் தங்கியிருந்த ஓட்டல்களுக்குத் தீ வைத்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று எங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரர் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஷட்டரை இறக்கினார். வாசலில் அடுக்கியிருந்த வாழைக்காய்ப் பெட்டிகளை உள்ளே தூக்கி வைக்க நானும் கை கொடுத்தேன். அந்த மனநிலையோடுதான் மைதானத்துக்குப் போனேன்.

பெரியவர் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "நான் ஃபராஜ் கட்சிக்குத்தான் போட்டேன். என் வீட்டு ரெண்டு ஓட்டும் அந்த 98இல் இருக்கு. நீ வேற யாரோ சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டாம், நானே சொல்றேன்." எனக்குச் சுருக்கென்றது. என்னைப் போன்றவர்கள் இங்கே வரக்கூடாது என்பதற்காகவா என்று நேராகவே கேட்டேன். "உன்னைச் சொல்லலே" என்றார். மகளுக்கு வீடு கிடைக்கவில்லை, டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு போன் அடித்தால் எட்டேகாலுக்கு அன்றைய நேரமெல்லாம் தீர்ந்துவிடுகிறது, ஆட்கள் வருவதைக் குறைப்போம் என்று 14 வருஷமாக ஆண்ட டோரிகள் (கன்சர்வேடிவ் கட்சி) சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. எல்லாம் நிஜமான குறைகள்தான், அதில் பாதி என் வீட்டிலும் உண்டு. நான் சொன்னேன், நீங்கள் என்னைச் சொல்லவில்லை என்பது கல்லெறிகிறவனுக்கு எப்படித் தெரியும், எங்கள் கடைக்காரர் ஷட்டரை இறக்கினாரே, அவரையும் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு அன்று வியாபாரம் போயிற்று. அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது எங்களுக்குப் பெனால்டி. பகேட்டா அடித்தார், 1-1. பெரியவர் வழக்கம்போல என் தோளைப் பிடித்து உலுக்கினார், நானும் கத்தினேன். ஆனால் பேச்சை அதோடு விட்டுவிடவில்லை, இடைவேளையில் மறுபடி அங்கிருந்தே தொடங்கினோம்.

அப்போதுதான் அவர் என்னிடம், நீ எப்படி ஓட்டுப் போட்டாய், உன்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டாயிற்றே என்றார். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியோடு இங்கே வசித்தால் பொதுத்தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம், இந்தியா, இலங்கை, நைஜீரியா எல்லாம் அதில் வரும், அயர்லாந்துக்காரர்களும் போடலாம் என்று சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறார். எங்களுக்கு முன்வரிசையில் உட்காருகிற லித்துவேனியாக்காரர் திரும்பி, "நான் இங்கே வரி கட்டறேன், எனக்கு அந்த ஓட்டு இல்லை" என்றார். அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா தவிர மற்ற ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குப் பொதுத்தேர்தல் ஓட்டு எப்போதுமே இருந்ததில்லை. பெரியவருக்கு இது இரண்டுமே புதுசு. 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று போட்டவர், இவ்வளவு நாள் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மைதானம் இருக்கிற ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதிக்கு இப்போது எம்.பி. உமா குமரன், ஈழத்திலிருந்து வந்த தமிழ்ப் பெற்றோரின் மகள் என்றும் சேர்த்துச் சொன்னேன். "லேபர்தானே" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நான் போட்டதும் லேபருக்குத்தான், மறைக்கவில்லை. மேட்ச் 1-2 தோல்வி.

ஹைபரிப் பக்கமிருந்து

அண்ணா, உங்கட கதையை வாசிச்சு முடிச்சதும் எழுதோணும் போல இருந்தது. நான் ஆர்சனல், இருக்கிறது இஸ்லிங்டன் நோர்த். எங்கட பிரச்சினை வேற மாதிரி. அப்ப லேபர் தலைவரா இருந்த ஸ்டார்மரும் ஆர்சனல், அவருக்கு முந்தின தலைவர் கோர்பினும் ஆர்சனல், எங்கட மைதானமே கோர்பினின்ர தொகுதிக்குள்ளதான் நிக்குது. 1983இலிருந்து லேபர் எம்.பி.யா இருந்த மனுசனைக் கட்சி நிறுத்தாமல் விட்டதால அவர் சுயேச்சையா நிண்டவர். சேர்ந்து மேட்சுக்குப் போற எங்கட கூட்டத்தில அவ்வளவு பேரும் ஒரு காலத்தில லேபர், அந்த மே, ஜூன் மாசம் கூட்டம் ரெண்டா உடைஞ்சு போச்சு.

ஹொலொவே ரோட்டில ஒரு பப்பில யூரோ (ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை) மேட்ச் பார்த்துக்கொண்டு இருந்தம். ஜூன் 30, ஸ்லோவாக்கியாவோட இங்கிலாந்து தோக்கப் போகுது எண்டு எல்லாரும் தலையில கை வைச்சிருந்த நேரம். அதுக்குள்ளயும் வாக்குவாதம்தான். ஒரு பக்கம், கோர்பினுக்குப் போட்டால் அது டோரிக்குப் போடுறதுக்குச் சமன் எண்டினம். இஸ்லிங்டனில டோரி எங்க இருக்கு எண்டு மற்றப் பக்கம் கேட்டுது, அது நியாயமான கேள்வி. சைப்ரசிலயிருந்து வந்த குடும்பத்துப் பொடியன் ஒருத்தன் சொன்னது எனக்கு மறக்காது. அவன்ர தாய்க்கு விசா அலுவலில சிக்கல் வந்தபோது அவ போய் வரிசையில நிண்டது கோர்பினிட்டதானாம், கடிதம் எழுதிக் குடுத்தவராம். "எனக்குக் கட்சி பிறகுதான்" எண்டான். பெலிங்ஹாம் 95ஆவது நிமிசம் தலைகீழாப் பாய்ஞ்சு அடிச்ச பிறகு கொஞ்ச நேரம் ஆரும் அரசியல் கதைக்கேல்லை.

நான் ஆருக்குப் போட்டன் எண்டு சொல்லத்தானே வேணும். கோர்பினுக்கு. தமிழரின்ர பிரச்சினையைப் பாராளுமன்றத்தில பல தடவை கதைச்ச மனுசன், 2009இல எங்கட சனம் பாராளுமன்றச் சதுக்கத்தில இருந்த நேரத்தை மறந்திட்டு என்னால வாக்குச்சீட்டைத் தொட ஏலாது. 24,120 வாக்கு எடுத்து 7,247 வித்தியாசத்தில வெண்டவர். கூட்டத்தில லேபருக்குப் போட்ட ஒரு அங்கிள் என்னோட கனகாலம் கோபமா இருந்தவர். செப்டம்பரில, ஸ்டார்மர் பாதுகாப்புக் காரணத்தால கேலரியில இருக்க ஏலாமல் மற்றவை குடுத்த பொக்சில இருந்து மேட்ச் பார்க்கிறார் எண்டு பேப்பர்களில பெரிசா வந்தபோது, அதே அங்கிள்தான் முதல் ஆளாக் குரலை உயர்த்தினவர். காசு குடுத்து டிக்கெட் எடுத்த இடத்தில இருக்க ஏலாட்டி வீட்டில இருந்து டிவியில பார்க்கட்டும் எண்டு. அவர் வாக்குப் போட்ட தலைவரைத்தான் அப்பிடிச் சொன்னவர். எனக்கு அந்த மனுசனில அண்டைக்கு மரியாதை கூடிப் போச்சு.

மான்செஸ்டருக்கு வடக்கே

எல்லாரும் பெரிய கிளப் கதை சொல்கிறீர்கள். என்னோடு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் பெரி அணி ரசிகர். 1885இல் தொடங்கிய கிளப்பைக் கடன் தொல்லையில் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிக் லேன் மைதானம் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம்கூட ஆகாமல் டிசம்பர் 12 பொதுத்தேர்தல். பெரி நோர்த் தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சி 105 ஓட்டில் ஜெயித்தது.

மனிதர் தலைமுறை தலைமுறையாக லேபர். அந்த முறை அவர் போடவே போகவில்லை. அதை என்னிடம் அவர் சொன்ன விதம்தான் எனக்கு ஒட்டவில்லை, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "சனிக்கிழமை மேட்சுக்குப் போக இடமில்லாத ஊரில வியாழக்கிழமை ஓட்டுப் போட எதுக்குப் போகணும்?" என்றார். நான் விடவில்லை. 105 பேர், உங்கள் பழைய கேலரியில் ஒரு மூலையில் உட்காருகிற கூட்டம் அது, நீங்கள் எல்லாரும் கோபத்தில் வீட்டில் இருந்தீர்கள் என்றால் கோபம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டேன். அவருடைய தம்பி பிரெக்சிட்டுக்காக முதன்முறையாக டோரிக்குப் போட்டிருக்கிறார், அதையும் அவரே சொன்னார். கிளப் போனதுக்கு எந்தக் கட்சியும் காரணமில்லை, ஆனால் எந்தக் கட்சிக்கும் அது ஒரு பொருட்டாகவும் இல்லை என்பது அவர் வாதம். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021இல் பெரிய கிளப்புகள் பிரிந்துபோய்த் தனி சூப்பர் லீக் தொடங்கப் பார்த்த கலாட்டாவுக்குப் பின்னால் டோரி எம்.பி. டிரேசி கிரவுச் தலைமையில் ரசிகர்களைக் கேட்டு ஒரு ஆய்வு நடந்தது, கால்பந்துக்குத் தனிக் கண்காணிப்பாளர் வேண்டும் என்று அது சொன்னது. மசோதா பாதி தூரம் வந்தபோது, 2024இல், அப்போதைய பிரதமர் சுனக் திடீரென்று தேர்தலை அறிவித்தார், மசோதா காலாவதி ஆயிற்று. இரண்டு கட்சியும் தேர்தல் அறிக்கையில் அதை மறுபடி போட்டன. இந்த முறை அவர் வேலை முடிந்த கையோடு, கண்ணில் தூக்கத்தோடு போய் லேபருக்குப் போட்டார். தொகுதி லேபருக்குத் திரும்பியது, சட்டமும் 2025 ஜூலையில் நிறைவேறிவிட்டது. அவர் ஓட்டால்தான் என்று நான் சொல்லவில்லை, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவருடைய சின்ன கிளப் ஒரு காரணம் என்பதைத்தான் சொல்கிறேன். பெரி இப்போது கிக் லேனில் மறுபடி ஆடுகிறது, ரொம்பக் கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கிறது.

கார்டிஃப்

சின்னதாக ஒன்று. தேர்தல் அறிவித்த மறுநாள் சுனக் இங்கே பாரிக்கு வந்து மது ஆலைத் தொழிலாளர்களிடம், யூரோவை ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேல்ஸ் தகுதியே பெறவில்லை. போலந்திடம் பெனால்டியில் தோற்ற காயம் ஆறாத நேரம் அது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேல்ஸ் அணிச் சட்டையைக் கொடியில் காயப்போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிற ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் ஒருத்தி, அவள் அப்பா வழக்கமான டோரி. அந்த மனிதர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் மனம் மாறினார் என்று அவள் சொன்னாள். நான் அப்பாவிடமே கேட்டேன், அவர் மகளைப் பார்க்க வார்டுக்கு வந்தபோது. "அதனால மாறலே, நாங்க யாருன்னே தெரியாம வந்திருக்கார்னு அதனால தெரிஞ்சுது" என்றார். லிபரல் டெமாக்ரட்டுக்குப் போட்டாராம். அந்தத் தேர்தலில் வேல்ஸ் முழுக்க கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

லெஸ்டரிலிருந்து

கால்பந்தால் ஆட்சி மாறுமா என்றால், எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டனார் ஆமாம் என்று அடித்துச் சொல்வார். 1970 ஜூன் 14, மெக்சிகோ உலகக் கோப்பை, மேற்கு ஜெர்மனியோடு 2-0 முன்னிலையில் இருந்து இங்கிலாந்துக்கு 3-2 தோல்வி. கோர்டன் பேங்க்ஸ் வயிறு சரியில்லாமல் படுத்துவிட, பொனெட்டி கோல் காத்தார். நான்கு நாள் கழித்துத் தேர்தல், கருத்துக் கணிப்புகளில் முன்னால் இருந்த லேபர் பிரதமர் ஹெரால்டு வில்சன் தோற்றார். அப்போது இளைஞராக இருந்த பாட்டனார், எதிலும் மனசு போகவில்லை, வாக்குச்சாவடிக்கும் போகவில்லை என்கிறார். அதே வாரம் வர்த்தகப் பற்றாக்குறை 3.1 கோடி பவுண்டு என்று கணக்கு வெளியானதே, இரண்டு ஜம்போ விமானம் வாங்கின செலவும் அதில் உண்டு, அதுதானே காரணம் என்று நான் கேட்டால், "அந்தக் கணக்கை யார் பார்த்தா, மேட்சை எல்லாரும் பார்த்தோம்" என்கிறார். ஒரு தேர்தலுக்கு ஒரே காரணம் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் அவர் போகவில்லை என்பது உண்மை.

ஈஸ்ட் ஹாம், மறுபடியும்

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இருக்கையை மாற்றிக்கொண்டீர்களா என்று. இல்லை. பெரியவர் தன் கட்சியை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. ஆனால் அடுத்த ஹோம் மேட்சுக்கு வந்தபோது, மளிகைக் கடைக்காரர் எப்படி இருக்கிறார் என்று அவராகக் கேட்டார், சின்ன வயதில் அதே வரிசைக் கடையில் ரொட்டி வாங்கியதைச் சொன்னார். அதற்காக அவர் ஓட்டை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம், மன்னிக்க அது என்னுடையது இல்லை. அந்த ஓட்டு தப்பு என்றுதான் இன்றைக்கும் அவரிடம் வாதாடுகிறேன், அவரும் என்னிடம்.

கிளாஸ்கோவில் இருப்பவர்கள் யாராவது செல்டிக், ரேஞ்சர்ஸ் பக்கம் நடக்கிற பேச்சை எழுதுங்களேன். 2014 ஸ்காட்லாந்து சுதந்திர வாக்கெடுப்பைப் பற்றி அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை என்று கேள்விப்பட்டேன். லிவர்பூல்காரர்களும் வாருங்கள், 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் தங்கள் ரசிகர்கள் செத்ததைப் பற்றிப் பொய் எழுதிய ஒரு பத்திரிகையையே அதன்பிறகு தொடாத ஊர் அது, அங்கே டோரிக்குப் போட்டேன் என்று கேலரியில் சொன்னவர் யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?