மதுரை பக்கத்து அரிட்டாபட்டிக்கு அரை நாள்: எதை முதல்ல பார்க்கிறது?

திருநகர்வாசி: பத்துப் பேர் கிளம்புறோம், ரெண்டு பேர் வயசானவங்க. தமிழிக் (தமிழ் பிராமி) கல்வெட்டு, மலையைக் குடைஞ்ச குடைவரைக் கோயில், கண்மாய் மூணும் பார்க்கணும். எந்த வரிசை சரி? படத்துல கல்வெட்டு எழுத்தே தெரியல, நேர்லயாவது தெரியுமா?

கழிஞ்சமலையான்: வெயில் ஏறுறதுக்குள்ள கழிஞ்சமலைக் குகைத்தளத்தை முடிச்சிருங்க. ஏற முடியாதவங்க நேரா குடைவரைக்குப் போகட்டும்.

குகை நெத்தியில நீளமா காடி வெட்டியிருக்கும். பாறையில வழியுற மழைத்தண்ணி, சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைக்கு வராம வெளியவே சொட்டுறதுக்கு. எழுத்தை அதை ஒட்டித்தான் தேடணும். டார்ச்சை நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பாறையோட ஒட்டி, பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு வரும். சாக்பீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்க்கிறவர் தனக்குத் தெரிஞ்ச எழுத்தைத்தான் வரைவார், அடுத்து வர்றவர் அதையே கல்வெட்டுன்னு படிப்பார்.

வாசகம்: "நெல்வேளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்". முழாகைன்னா குகை.

திருநகர்வாசி: கொடுபிதோன்? கொத்தினவர் பிழையா?

வட்டெழுத்து: பிழை இல்லீங்க. கொடுப்பித்தோன்தான், அதாவது கொடுக்கச் செஞ்சவர். மெய்யெழுத்தை இரட்டிக்காம விடுறது அந்தக் கால எழுத்து முறை. 2003ல கண்டுபிடிச்ச இன்னொண்ணுல "இலஞ்சிய் வேள் மாபரவன் மகன் எமயவன்"னு வரும். நெல்வேலி, இலஞ்சி ரெண்டுமே தெக்கத்தி ஊர்ப்பேரு, கவனிங்க.

அங்கேயே தீர்த்தங்கரர் சிற்பத்துக்குக் கீழ, தமிழிக்குப் பிந்தின வட்டெழுத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. அச்சணந்திங்கிற சமண முனிவர் செய்வித்ததுன்னும், மலைப்பேர் திருப்பிணையன்மலைன்னும் சொல்லுது. தமிழிக்கும் இதுக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் இருக்கும், ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்காதீங்க. குடைவரையில சிவனோட அவதாரமாச் சொல்ற இலகுலீசர் சிற்பத்தைத் தவறவிட்டா போனதே வீண், தமிழ்நாட்டுல அபூர்வம்.

மறுகால்: கண்மாயைக் கடைசியா வைங்க, ஆனா விட்றாதீங்க. இந்த ஊர் குணமே தண்ணியிலதான் இருக்கு. மொட்டைப்பாறை மழையை உறிஞ்சாது, அப்படியே வழிச்சு விடும். அந்தத் தண்ணி வரத்துக்கால்ங்கிற வாய்க்கால் வழியா கண்மாய்க்கு வரும், அது நிறைஞ்சா மறுகால் பாஞ்சு, அதாவது மிச்சத் தண்ணி வழிஞ்சு, அடுத்த கண்மாய்க்குப் போகும். வரத்துக்கால்ல ஒரு இடம் தூர்ந்தாலும் எவ்வளவு பெஞ்சாலும் கீழ்க்கண்மாய் காஞ்சுதான் கிடக்கும். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில நின்னு மலையைப் பார்த்தா இந்தக் கணக்கு விளங்கிரும்.

2022 நவம்பர்ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சது சுமார் 193 ஹெக்டேர். பக்கத்து மீனாட்சிபுரமும் அதுல சேர்த்தி. ட்ரோன் எடுத்துட்டு வராதீங்க. பாறை இடுக்குல கூடு வச்ச வல்லூறு மிரண்டு முட்டையை விட்டுப் போயிரும்.