தாய்லாந்தின் டிடிவி விசா மட்டும் போதுமா?

கோவைப்பெண்: வீட்டிலிருந்தபடியே ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குக் குடிபெயர எண்ணம். அங்கே தங்கியபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கும் தருகிற டிடிவி விசா கிடைத்தால் போதுமா?

சியாங்மாய்வாசி: தயங்காமல் வாருங்கள். 2024 ஜூலையில் வந்த விசா இது. ஐந்து ஆண்டு செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஈரோடு ஆடிட்டர்: "அவ்வளவுதான்" என்பதை ஏற்க மாட்டேன். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தாலே வரிச் சட்டப்படி நீங்கள் இங்கே குடியிருப்பவர். செப்டம்பர் முடிவதற்குள்ளேயே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். நவம்பரில் போனாலும் மார்ச் வரை அங்கே சம்பாதிப்பதற்கு இங்கே வரி உண்டு.

சியாங்மாய்வாசி: கோவையில் இருந்தாலும் கட்டப்போகிற வரிதானே ஐயா? இங்கே வரிக்குக் குடியிருப்பவராகக் கருத 180 நாள் தங்கியிருக்க வேண்டும், அந்தக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது. நவம்பரில் வருபவர் அந்த ஆண்டு அந்தக் கணக்குக்குள் வர மாட்டார்.

ஈரோடு ஆடிட்டர்: அடுத்த ஆண்டு? 180 நாள் தங்கிவிட்டால், நாட்டுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரி. முன்பெல்லாம் சம்பாதித்த பணத்தை மறு ஆண்டில் கொண்டுவந்தால் தப்பலாம். 2024இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளத்தை இரு நாடுகளும் கேட்கும். இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் சலுகை தானாக வராது. வரி கட்டிய சான்றும் படிவமும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சியாங்மாய்வாசி: அதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவத்தைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். இங்கே தனியார் மருத்துவமனைகள் அருமையானவை.

ஈரோடு ஆடிட்டர்: அருமைதான், பில்லை யார் கட்டுவது? அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் திட்டம் அவர்களுடைய குடிமக்களுக்கானது. நம் ஊர் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். என் அக்கா மகன் அங்கே வாடகை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். பயணக் காப்பீடு இருந்தது. ஆனால் அவனிடம் கார் உரிமம் மட்டுமே இருக்கிறது என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். அக்கா நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். இது போன வருடம் எங்கள் வீட்டில் நடந்தது.

கோவைப்பெண்: என்னிடமும் கார் உரிமம்தான் இருக்கிறது. நவம்பரிலேயே கிளம்புகிறேன், மார்ச் வரையிலான வரியை இங்கே கட்டிவிடுகிறேன். அதற்குள் இருசக்கர உரிமம் எடுத்தாக வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கோவையிலேயே வாங்க முடியுமா ஐயா?

ஈரோடு ஆடிட்டர்: முடியும் அம்மா, ஆர்டிஓ அலுவலகத்தில் தருவார்கள். ஓராண்டுதான் செல்லும். இருசக்கரப் பிரிவைக் குறித்திருக்கிறார்களா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.