ஆயிரம், ரெண்டாயிரம், மூவாயிரம், நாலாயிரம்

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள். அதனால் எதிர்வீட்டு மிலிட்டரி தாத்தாவை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

1988-ல் நான் ஆறாவது படித்தேன். கிணற்று மேட்டிலிருந்து குதித்து முட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தபோது அவர்தான் காயத்தைக் கழுவினார். டிஞ்சர் பட்டதும் கத்தினேன். "எண்ணுடா கண்ணு. ஆயிரம், ரெண்டாயிரம், மூவாயிரம், நாலாயிரம்..." கட்டுப் போட்ட பிறகுதான் திட்டு. "குதிக்கத் தெரியாம ஏன் குதிக்கிற? ரெண்டு காலையும் சேத்து வை. முட்டியை லேசா மடக்கு. தரை பட்டதும் பக்கவாட்டுல உருளு."

அதெல்லாம் ஆக்ராவில் கற்றதாம். விமானக் கதவைத் தாண்டியதும் அப்படித்தான் எண்ண வேண்டும். நாலாயிரம் வந்ததும் தலையைத் தூக்கி, குடை விரிந்ததா என்று பார்க்க வேண்டும்.

அவர் இருந்தது 60 பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். சண்டை போடும் படை இல்லை, மருத்துவப் படை. 1950 நவம்பரில் கொரியப் போருக்காக அங்கே போய் இறங்கினார்கள். அடுத்த மாதமே வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்படி உத்தரவு. மருந்துச் சாமான்களை ஏற்ற லாரி இல்லை. விட்டுவிட்டு வர இவர்களுக்கு மனமும் இல்லை. அங்கே நின்ற பழைய நீராவி இன்ஜினுக்கு வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தங்கள் ஆட்களையே ஓட்ட வைத்து சாமானோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள். இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு 12 இந்தியர்கள் குதித்தார்கள். தாத்தாவின் படைக் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜும் அதில் ஒருவர். "அந்தப் பன்னெண்டு பேர்ல நான் இல்ல, தென் கொரியாவுல தேகு ஊரு ஆஸ்பத்திரி வார்டுல வேலையில இருந்தேன்" என்பதைத் தாத்தா ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டதில்லை.

ஊர் திரும்பிய பின் பென்ஷனும் முட்டிவலியும்தான். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். ஆனால் ராத்திரி யார் கதவைத் தட்டினாலும் பையோடு கிளம்பிவிடுவார். மார்கழி வந்தால் தெருப் பிள்ளைகளின் கால்விரல்களைத் தொட்டுப் பார்ப்பார், சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். நம்மூர்க் குளிருக்கு இது எதற்கு என்று சிரிப்போம். கொரியக் குளிரில் சிப்பாய்களின் விரல்கள் கருத்துச் செத்துப்போகும் என்பதை நான் படித்தது அவர் போன பிறகு. அன்று சிரித்ததை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

2020 ஜூலையில் தென் கொரியா ரங்கராஜைக் கௌரவித்த செய்தியைப் பார்த்துத்தான் அவரைப் பற்றித் தேடினேன். ராணுவத்தை விட்ட பிறகு ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலைக்குப் போயிருக்கிறார். இதைத் தாத்தாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது அந்தப் படையில் இருந்திருந்தால் எழுதுங்கள். ரயில் கதையை அத்தனை தடவை சொன்ன தாத்தா, அந்த தேகு வார்டுக்குள் பார்த்ததைப் பற்றி மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.