எஸ்பிஎச்ல சுவர்கிட்ட பார்ட்டிக்கிளைப் பிரிச்சா பிரஷர் துள்ளுது, தண்ணியும் ஒழுகுது

கோபிக்காரப் பையன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கொடிவேரி அணை மேல தண்ணி வழிஞ்சு உழுகறத டூடில எஸ்பிஎச் (தண்ணிய நகர்ற துளித்துளி பார்ட்டிக்கிளா வெச்சுக் கணக்குப் போடற கம்ப்யூட்டர் முறை) வெச்சு பண்ணீட்டு இருக்கறனுங்க. அணை மொகத்துல பிரஷர் எவ்வளவுன்னு வேணும், அதுக்கு சுவரோரம் மட்டும் பார்ட்டிக்கிள் பொடிசா இருந்தாப் போதும், எல்லாத்தையும் பொடிசாக்குனா லேப்டாப் தாங்காது. அதனால சுவத்துக்குக் கிட்ட வர்றத நாலாப் பிரிக்கறேன், குட்டி ஒவ்வொண்ணுக்கும் மாஸ் கால்வாசி, வேகம் தாயோடதே (தாய்னா பிரியறதுக்கு முந்துன பெருசு). பிரிஞ்ச ஒடனே பிரஷர் கண்டபடி துள்ளுது, கொஞ்ச நேரத்துல சில குட்டிக சுவத்தைத் தாண்டி அக்கட்ட போயிருதுங்க. மாஸ், மொமெண்டம் ரெண்டும் கூட்டிப் பாத்தேன், செரியாத்தான் இருக்குது. ஏனுங்க இப்படி?

பீளமேட்டுக்காரர்:
தம்பி, சுவத்துப் பார்ட்டிக்கிளை பழைய இடைவெளியிலயே விட்டிருக்கீங்கன்னு நெனைக்கறேன். குட்டிக்கு ஸ்மூத்திங் லெங்த், அதாவது அக்கம்பக்கம் எட்டிப் பாக்கற தூரம், பாதியாயிருச்சு, அதோட கெர்னலுக்குள்ள (அந்தத் தூரத்துக்குள்ள கிட்ட இருக்கறதுக்கு அதிகப் பங்கு குடுக்கற எடைச் சார்பு) சுவர்ப் பார்ட்டிக்கிள் ஒண்ணு ரெண்டுதான் தட்டுப்படும், அப்பறம் அதைத் தடுத்துத் தள்ள என்ன இருக்கு? சுவத்தை மொதல்லயே பொடி இடைவெளியில போட்டுருங்க, நகராததுதானே. இன்னொண்ணு, சுவத்தை ஒட்டி வந்தப்பறம் பிரிக்காதீங்க, நாலு குட்டில ஒண்ணு சுவத்துக்குள்ளயே போய் உக்காந்துக்கும். பெரியதோட கெர்னல் சுவத்தைத் தொடறதுக்கு முன்னாலயே பிரிச்சு முடிச்சிருக்கோணும்.

ஈரோட்டு அக்கா:
ஒழுகலுக்கு அவர் சொன்னது செரி. பிரஷர் துள்ளறதுக்கு நான் சொல்றேன் கண்ணு. மாஸ் செரியா இருந்தா அடர்த்தியும் செரியா இருக்கும்னு இல்ல, ஏன்னா தாய்ப் பார்ட்டிக்கிளுக எல்லாம் ஓடி வர்றப்ப வரிசையில இருக்காது, குட்டிகளை எங்க வெச்சாலும் அடர்த்தி குடுக்கற கெர்னல் கூட்டுத்தொகை கொஞ்சம் பிசகும். அந்த அடர்த்தியில இருந்துதான் பிரஷரைக் கணக்குப் போடறோம். வழக்கம்போல கணக்குல வெக்கற செயற்கை சவுண்ட் ஸ்பீடை தண்ணியோட அதிகபட்ச வேகத்துக்கு 10 மடங்குன்னு வெச்சிருந்தா, அடர்த்தி 1 சதவீதம் பிசகுனாலே டைனமிக் பிரஷரைப் (தண்ணி ஓடற வேகத்தால வர்றது) போல ரெண்டு மடங்கு பொய்ப் பிரஷர் வந்து நிக்கும், உங்களுக்கு வேண்டிய விடையே அந்த அளவுதான். 2007ல ஃபெல்ட்மேனும் போனெட்டும் இதைத்தான் நெம்ப நல்லாப் பாத்தாங்க, நடுவுல ஒண்ணு சுத்தி ஆறுன்னு அறுகோணமா வெச்சு, எவ்வளவு தள்ளி வைக்கோணும், ஸ்மூத்திங் லெங்த் எவ்வளவு குறைக்கோணும்னு அடர்த்திப் பிசகு கம்மியாகற மாதிரி தேடுனாங்க. எனக்குப் புடிச்சது அதுக்கப்பறம் வந்த ஏபிஆர் (அடாப்டிவ் பார்ட்டிக்கிள் ரிஃபைன்மெண்ட்) முறை. தாயை அழிக்கறதே இல்ல, பெருசு இருக்கற எடத்துக்கும் பொடிசு இருக்கற எடத்துக்கும் நடுவுல ஒரு பட்டை விட்டு, அதைக் கடக்கறப்ப தாயோட பங்கைக் கொறைச்சு குட்டியோட பங்கை மெல்ல ஏத்தறது. தாய் சும்மா கூடவே மெதந்துட்டு வரும், வெளிய போறப்ப திரும்ப அதையே எழுப்பிக்கலாம், குட்டிகளைத் திரும்ப ஒண்ணா ஒட்டற வேலையே இல்ல.

கோபிக்காரப் பையன்:
சுவத்தைப் பொடிசாப் போட்டேனுங்க, ஒழுகறது நின்னுருச்சு! ஏபிஆர் எழுதப் போறேன். அக்கா, டைம்ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னால போற நேரம்) மட்டும் பாதியாயிருச்சே?

ஈரோட்டு அக்கா:
ஆமா, இருக்கறதுலயே சின்னதுதான் எல்லாத்துக்கும் டைம்ஸ்டெப்பை முடிவு பண்ணும். ஆனா தண்ணி முழுக்கப் பார்ட்டிக்கிள் அளவைப் பாதியாக்கிருந்தா டூடில வேலை 8 மடங்கு, த்ரீடில 16, அதுக்கு இது எவ்வளவோ தேவலை. எழுதி முடிச்சதும் நேரா அணைக்குப் போயிராதீங்க, தொட்டில நிக்கற தண்ணிய வெச்சு பட்டையக் குறுக்க விட்டு ஓட்டுங்க, 1 மீட்டர் ஆழத்துல 9.8 கிலோபாஸ்கல் வரோணும், பட்டைகிட்ட பிரஷர் கோடு ஒடியக்கூடாது. ஒடிஞ்சா அந்தப் படத்தை இங்க போடுங்க, பாக்கலாம்.